தனி நடக்கும்போது தின்ற கீரை வடை

மலேசியாவில் கிள்ளானிலிருந்து என்னைச் சென்னைக்கு அனுப்பும்போது அம்மா ஒரு பட்டியல் கொடுத்தார், அப்பா ஒரு வேலை கொடுத்தார். பட்டியலில் சுங்குடிச் சேலை, ரவிக்கைத் துணி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று பதினேழு உருப்படிகள் இருந்தன. அப்பா கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். "அக்கா மேடையில தனியா வாசிப்பாளாமே. அத போன்ல முழுசா எடுத்துட்டு வா, பார்க்கிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி. ஷாமினி அக்கா மூன்று வருடங்களுக்கு முன் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மிருதங்கம் கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் போனவள். அப்பா லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். அவள் போன நாளிலிருந்து அவளிடம் போனில் சாப்பாடு, காய்ச்சல், மழை, கொசு எல்லாவற்றையும் பற்றி விசாரிப்பார். மிருதங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதும் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சபாவில் மதியக் கச்சேரி கிடைத்திருக்கிறது, அதில் பாட்டெல்லாம் நின்றுபோய் மிருதங்கம் மட்டும் வாசிக்கும் 'தனி' என்ற பகுதி வரும் என்று அம்மா சொன்னபோதுதான் அவராக வாய் திறந்தார். அன்று இரவு அம்மா எனக்கு இரண்டு முட்டை அதிகமாகப் பொரித்துக் கொடுத்தார்.

எனக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. நான் கணக்கியல் மாணவன். பரீட்சை முடிந்திருந்தது, சென்னையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிளம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்துக்கு எதிரிலேயே மின்சார ரயில் பிடித்தேன். மாம்பலத்தில் இறங்க வேண்டும். எங்கள் ஊர் ரயிலில் வண்டி நின்ற பிறகு நிதானமாக எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்குவோம். அதையே இங்கும் செய்தேன். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மாம்பலமே பெட்டிக்குள் ஏறிவிட்டது. கூட்டம் என்னையும் என் துணிப்பெட்டியையும் எதிர்ப்பக்கக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது, வண்டி கிளம்பியது.

பூக்கூடையோடு நின்ற ஒருவர் என் முழியைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மாம்பலத்துல எறங்கணும்னா சைதாப்பேட்டையிலயே எய்ந்து வாசலாண்ட வந்து நின்னுக்கணும். குந்திக்கினு இருந்தா அப்டியே பீச்சாண்டதான்" என்றார். கோடம்பாக்கத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். இந்த முறை வண்டி கோடம்பாக்கத்தை விட்டு நகர்வதற்கு முன்பே வாசலில் நின்றேன். முந்தி எழுந்திருக்க வேண்டும் என்பது சென்னை எனக்குச் சொன்ன முதல் பாடம்.

அக்கா மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். கீழ்வீட்டில் தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி குடும்பம். காலை ஐந்து மணிக்கே மாடியில் மிருதங்கம் தொடங்கிவிடும் என்றாலும் அண்ணாச்சி ஒன்றும் சொல்வதில்லையாம். அவர் மகன் செல்வா என் வயதுக்காரன், தரமணியில் படத்தொகுப்பு படிக்கிறான். அக்கா மறுநாள் கச்சேரிக்குச் சாதகம் செய்ய வேண்டியிருந்ததால் என்னைச் செல்வாவிடம் ஒப்படைத்தாள்.

அவன் என்னை முதலில் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப்போய் நெய் ரோஸ்ட்டும் பில்டர் காபியும் வாங்கிக் கொடுத்தான். எங்கள் ஊரில் தே தாரிக் என்ற பால் தேநீரை இழுத்து ஆற்றி, கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் நிறையத் தருவார்கள். இங்கே மூன்று மடக்கில் காபி முடிந்துபோகிறது, ஆனால் அந்த மூன்று மடக்கும் வாயைவிட்டுப் போக ஒரு மணி நேரம் ஆகிறது. நான் இன்னொன்று கேட்டேன். பரிமாறியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, வெளியூரா என்று செல்வாவிடம் கேட்டார்.

மாலைக்காட்சிக்குப் பக்கத்திலிருந்த ஒரு பழைய தியேட்டருக்குப் போனோம். முதல் நாள் படம். கிள்ளானில் தமிழ்ப் படம் பார்ப்பது குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் காரியம். இங்கே கதாநாயகனின் செருப்பு திரையில் தெரிந்ததும் எனக்கு முன்வரிசை எழுந்து நின்றது. முகம் தெரிவதற்குள் தியேட்டரே எழுந்து நின்றது. கிழித்த காகிதங்கள் என் தலைமேல் கொட்டின. யாரோ ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார், இறங்கும்போது நன்றி சொன்னார். நானும் விசிலடிக்கப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

திடீரென்று செல்வா என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "மச்சி, எந்திரி. இவன் திரும்பிப் பாப்பான், ஸ்க்ரீன் அப்டியே நிக்கும், இன்டர்வெல். இப்பவே போனா பப்ஸ், அப்பால போனா க்யூ." படத்தொகுப்பு படிப்பதற்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. நாங்கள் வாசலைத் தொடுவதற்கும் திரை உறைவதற்கும் சரியாக இருந்தது. முதல் ஆளாகச் சூடான முட்டை பப்ஸ் வாங்கினேன். பின்னால் அறுபது பேர் முண்டியடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை பேருந்தில் மயிலாப்பூர் போனோம். இடப்பக்கம் ஒரு இருக்கை காலியாக இருந்தது, சந்தோஷமாக உட்கார்ந்தேன். பேருந்தே என்னைப் பார்த்தது. இடப்பக்கம் பெண்களுக்கு என்று அக்கா காதோடு சொன்ன பிறகு எழுந்து, லஸ் நிறுத்தம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையின் பாதியைத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள், அதனால் அந்த அவமானம் முக்கால் மணி நேரம் நீடித்தது.

மாட வீதியில் மார்கழிக் கோலங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. குளத்தைச் சுற்றி நடந்தோம், பொங்கலில் பசியாறினோம், நார்த்தங்காய் ஊறுகாய் வாங்கினோம். அக்கா வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். வாசித்த மேடைகளில் பெரும்பாலும் தனிக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்ததாம். இன்று பாடப்போகும் தோழி பத்து நிமிடத்துக்கு மேலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறாள். சபாக்காரர்களிடம் படம் எடுக்க அக்காவே அனுமதியும் வாங்கிவிட்டாள். எனக்கு மூன்றாவது வரிசையில் நேர் எதிரே இடம். தனி வருவது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வரும்போது உனக்கே தெரியும்டா" என்றாள். பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "அப்பா நெசமாவே கேட்டாரா?" என்றாள். அதை அவள் காலையிலிருந்து நான்காவது முறையாகக் கேட்டாள்.

இரண்டு மணிக்குக் கச்சேரி. மதியக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. நல்ல மின்விசிறிக்குக் கீழே உட்காருவதில்தான் போட்டி. அறுபது, எழுபது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். பாடகி நடுவில், வயலின் ஒரு பக்கம், மறுபக்கம் கருநீலப் புடவையில் அக்கா. அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் போனை உயர்த்திப் பிடித்து எடுக்கத் தொடங்கினேன். பாட்டு எனக்குப் புரியவில்லை, ஆனால் பாடகி எங்கே போனாலும் அக்காவின் கை அவரோடு போவது புரிந்தது. நன்றாகவே இருந்தது. என் வலது தோள்தான் மரத்துப்போனது.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பாட்டு நீண்டுகொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. பாடகி வாயை மூடினார். பக்கத்திலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துக் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு முன்னாலிருந்தவர் எழுந்தார். அவர் மனைவி எழுந்தார். ஒரு வரிசையே எழுந்தது.

எனக்கு வேறென்ன தோன்றும்? சார்ஜ் வீணாகக் கூடாது என்று போனை நிறுத்திச் சட்டைப்பையில் போட்டேன். பையை நாற்காலியில் வைத்து இடம் பிடித்தேன். மாம்பலத்திலும் தியேட்டரிலும் படித்த பாடத்தை அப்படியே கடைப்பிடித்து, அந்தப் பெரியவர்கள் எல்லாரையும் தாண்டி, காண்டீனுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

சபா காண்டீனைப் பற்றி நான் கேள்விப்பட்டது எதுவும் பொய்யில்லை. கீரை வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. பிய்த்தால் பச்சையாக ஆவி வந்தது. இரண்டாவதைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்த ஒலிபெருக்கியில் மிருதங்கம் கேட்டது. இடைவேளைக்கு ஒலிநாடா போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எதிரில் கதர்ச்சட்டை போட்ட ஒரு மாமா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். இடைவேளை எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்டேன்.

"இடைவேளையா? தனின்னா நடந்துண்டிருக்கு" என்றார். "நான் முப்பது வருஷமா தனிக்குத்தான் காபிக்கு வரேன். அப்போதான் பாட்டு ஒண்ணும் தப்பிப் போகாது பாருங்கோ."

மிருதங்கம் வாசிப்பது என் அக்கா என்று அவரிடம் எப்படியோ சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ நீ இங்க என்னடா பண்ணிண்டிருக்கே?"

நான் ஓடினேன். அந்த மாமாவும் பாதிக் காபியை விட்டுவிட்டு என் பின்னால் வந்தார். அரங்க வாசலில் நின்ற தொண்டர் அம்மாள், நடுவில் உள்ளே விட முடியாது, முடியட்டும் என்றார். மாமா அவரிடம், வெளியே போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டீர்களே, உள்ளே கேட்க வருகிறவனையா தடுப்பது என்று சண்டை போட்டார். அவரும் வெளியே போனவர்தான். அந்த அம்மாள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

அரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. அக்காவின் விரல்கள் எனக்குக் கண்ணில் நிற்காத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே அடியை மூன்று தடவை திருப்பி வாசித்தாள், மூன்றாவது முடிந்த இடத்தில் பாடகி சரியாகப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். தனி முடிந்துவிட்டது. என் போனில் பதிவானது நாற்பது விநாடி. அதில் பாதி மாமாவின் தலை.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். அக்கா மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு முன்பே அங்கே வந்து, "நன்னா வாசிச்சேம்மா, க்ஷேமமா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் கேட்டது என்னவோ அந்த நாற்பது விநாடிதான். அவர் போன பிறகு அக்கா என் சட்டையில் ஒட்டியிருந்த கீரையைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"தனின்னா எல்லாரும் எந்திரிப்பாங்க. மூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். "நீ எந்திரிப்பேன்னு நெனக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மாவின் பட்டியல் பாக்கி இருந்ததால் மாலையில் தியாகராய நகருக்குப் போனோம். மார்கழிச் சனிக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதே இல்லை, காலைத் தூக்கினால் போதும், கூட்டம் கொண்டுபோய்விடும். அக்கா எனக்கு நான்கு ஆள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கடையில் ஒருவர் சுங்குடிச் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். அக்கா விலை, சாயம், முந்தானை எல்லாவற்றையும் அவரிடம் பேசினாள், என்னிடம் பேசவில்லை. வெளியே வந்தபோது ஒரு தள்ளுவண்டிக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் நான் சிக்கிக்கொண்டேன். அப்போதுதான் திரும்பி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அதன் பிறகு கையை விடவில்லை, ஆனால் பேசவும் இல்லை.

பாண்டி பஜார் நடைபாதையில் சோளம் தின்றுகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எடுத்தாச்சா என்று ஒரே சொல். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று தட்டச்சு செய்தேன். நல்ல பொய்தான், யார் மனமும் நோகாது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதை அழித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். வடை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, விடு" என்றார். வாடிக்கையாளர் கொண்டுவரும் வண்டி இனித் தேறாது என்று தெரிந்தால் அப்பா சொல்லும் வார்த்தை அது. மூன்று வருடத்தில் அவராகத் திறந்த ஒரே கதவை நான் வடை தின்று சாத்திவிட்டேன் என்று தோன்றியது. அக்கா மீதிச் சோளத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை செல்வா எங்கள் இருவரையும் வற்புறுத்தி அடையாறு பக்கம், பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துப்போனான். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், நாயோடு உலாவுகிறவர்கள், கேழ்வரகுக் கூழ் குடிக்கிறவர்கள் என்று கரை நிறைந்திருந்தது. மணலில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வட்டமாக நின்று பறையடித்து ஆடினார்கள். சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. கூடியிருந்த கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. இங்கே காண்டீன் இல்லை அக்கா, அதனால்தான் என்றேன். முதல் தடவையாகச் சிரித்தாள். அவள் விரல்கள் தொடையில் தாமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

திரும்பும் வழியில் ஆட்டோவில், அறையில் இன்னொரு தடவை வாசியேன், நான் முழுதாக எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். முடியாது என்றாள். மேடையில் வாசித்ததை அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், ரூமில் உட்கார்ந்து வாசித்து அனுப்பினால் பார் பார் என்று கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்றாள்.

பதினொரு மணிக்கு நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் எனக்கு விமானம். போன் அடித்தது. அப்பா, அதுவும் வீடியோவில். பட்டறைச் சட்டையோடு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒன்றரை மணி, மதியச் சாப்பாட்டு நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்டுக் குழம்பு இருக்கும்.

"அவ இருக்காளா?" என்றார். "நீ வடை தின்ன நேரத்துல அவ வாசிச்சா இல்ல, அத இப்ப வாசிக்கச் சொல்லு."

அக்காவுக்கு அது கேட்டது. பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, மிருதங்கத்தின் உறையைக் கழற்றி, பாயில் உட்கார்ந்தாள். தாளம் போட ஆள் வேண்டும் என்றாள். இருந்தது நான்தான். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பு, மறுபடி தட்டித் திருப்பு, என்ன ஆனாலும் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுத்தாள். செல்வா கீழேயிருந்து ஓடிவந்து போனை ஊறுகாய் டப்பாவில் சாய்த்து நிறுத்தி, சட்டத்தைச் சரிபார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் கதவோரம் உட்கார்ந்துகொண்டான்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடம் விட்டு. என் தொடைக்கும் விரலுக்கும் நடுவில் நான் இரண்டு தடவை தொலைந்துபோனேன். அவள் தலையை ஆட்டி என்னைத் திரும்பப் பிடித்துவந்தாள். முந்தின நாள் எதைத் தின்பதற்காக எதை விட்டேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, என்னங்க, சோறு ஆறுது என்று. அப்பா திரும்பாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி கூப்பிட்டார். பட்டறையில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நிற்காத மனிதர் நாற்காலியை இன்னும் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா அந்தக் கடைசி அடியை மூன்று தடவை வாசித்து முடித்தாள். பாட்டைப் பிடித்துக்கொள்ளப் பாடகி இல்லை. அவள் போனைப் பார்க்காமல் மிருதங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை வலிக்கலையா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. பழகிடுச்சு."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அப்ப இன்னொரு தடவ வாசி. உங்கம்மாவும் வந்து உட்காரட்டும்."

அம்மா கையில் கரண்டியோடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் சிவந்துபோன தொடையில் மறுபடி முதல் தட்டைத் தட்டினேன்.